கண்ணாடிப் பெட்டிக்குள் அமெர்லேயின் ரவிக்கை

அமெர்லேயிடம் கென்கே வாங்கப் போகிறவர்கள் வாயைக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். "நேத்து உருண்டை இதைவிடப் பெருசா இருந்துச்சே அக்கா" என்று யாராவது தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால் போதும். எடுத்த உருண்டையை மறுபடி அண்டாவுக்குள் போட்டுவிட்டு, அந்த ஆளின் பல்லில் தொடங்கி பாட்டன் வரைக்கும் ஒரு சுற்று திட்டித் தீர்த்த பிறகுதான் அடுத்த ஆளைப் பார்ப்பாள். ஜேம்ஸ் டவுன் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் அவளுக்கு 'மிளகாய்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னவர் யாருமில்லை. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. புளித்த சோளமாவைக் கிளறி, சோளத்தோலில் சுற்றி அவள் அவித்தெடுக்கும் உருண்டைக்காகவும் பக்கத்தில் வைக்கும் பொரித்த மீனுக்காகவும், வசவையும் சேர்த்து வாங்கிக்கொள்ள அக்ராவில் ஆள் இருந்தது.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அவள் மகள் லாமிலேக்குக்கூடத் தெரியாது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா இப்படித்தான். அப்பா டக்கராடி பக்கம் லாரி ஓட்டப் போனவர், திரும்பி வரவில்லை. அவரைப் பற்றிக் கேட்டால், "போனவனைப் பத்தி என்னடி பேச்சு, உலையைப் பாரு" என்று அடக்கிவிடுவாள். லாமிலே படித்து, தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வயதைத் தொட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

நாடு விடுதலையாகி நாற்பதாவது ஆண்டு. ஊரெங்கும் கொடி. லாமிலேக்கு ஆபீஸ் விடுமுறை.

"அம்மா, விடுதலை வாங்கிக் குடுத்த தலைவரோட நினைவுப் பூங்காவுக்குப் போயிட்டு வரலாம் வா. தொறந்து இத்தனை வருஷமாச்சு, நடந்து போற தூரம், நீ ஒருநாளும் எட்டிப் பாத்ததில்ல."

"எனக்கு எதுக்குடி அது? செத்தவனைப் பாத்து நான் என்ன செய்யப் போறேன்?"

"தலைவரை அவன் இவன்னு பேசாதம்மா. நாலு பேர் காதுல விழுந்தா என்ன நெனப்பாங்க."

"நான் பேசாம வேற எவ பேசுவா?" அமெர்லே அடுப்பில் இருந்த விறகை வெடுக்கென்று இழுத்தாள். "பேசுறதுக்கு எனக்கு இல்லாத உரிமை இந்த ஊர்ல எவளுக்கும் கிடையாது."

"சரி, பேசிக்கோ. ஆனா இந்த வாரம் மட்டும் அங்க ஒரு கண்காட்சி வெச்சிருக்காங்களாம். பழைய கட்சி மகளிர் சங்கத்துக்காரங்க வெச்சது. கொடி, பேட்ஜ், அந்தக் காலத்துக் கட்சித் துணியெல்லாம் இருக்காம். ஆபீஸ்ல சொன்னாங்க."

அமெர்லேயின் கை நின்றது. "எந்தத் துணி?"

"தலைவர் மூஞ்சி போட்ட துணி."

அமெர்லே அண்டாவை மூடினாள், பக்கத்து அடுப்புக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். லாமிலேக்கே ஆச்சரியமாக இருந்தது. வழி முழுக்க அம்மா வேகமாக நடந்தாள். மகள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பூங்காவில் திருவிழாக் கூட்டம். நீரூற்றுகளுக்கு நடுவில் வெண்கலத் தலைவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். புதுக் கல்யாண ஜோடி ஒன்று அவர் காலடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அமெர்லே அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்து போனாள். பின்பக்கம், தலை போன பழைய சிலையின் முன்னால்தான் நின்றாள். பட்டாளம் தலைவரின் ஆட்சியைக் கவிழ்த்த அன்று கூட்டம் கயிறு கட்டி இழுத்துத் தள்ளிய சிலை அது. கழுத்து வெட்டுப்பட்ட இடம் இன்னும் பிசிறாக இருந்தது. சுற்றிலும் வயதானவர்கள் நாலைந்து பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு மௌனமாக நின்றார்கள்.

"பாத்தியாடி இவங்களை?" அமெர்லே மகளிடம் சொன்னாள், மெதுவாகச் சொல்லவில்லை. "இது விழுந்தப்போ இது மேல ஏறி ஆடினவங்கள்ல பாதிப் பேரு இப்ப இங்கதான் நிக்கிறாங்க. அன்னைக்கு ஆடின அதே காலு. நல்லா சேத்து வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். லாமிலே அம்மாவின் கையைப் பிடித்து அருங்காட்சியகத்துக்குள் இழுத்துப் போனாள்.

உள்ளே மின்விசிறிகள் ஓடியும் புழுக்கம். ஒரு மூலையில் மகளிர் சங்கத்தார் மேசைகள் போட்டு, மேலே கண்ணாடி மூடிய பெட்டிகளை வைத்திருந்தார்கள். சங்கத் தலைவி ஓப்லிட்டே அம்மாள், கொடி நிறத்தில் தலைக்கட்டு கட்டிய பெரிய உருவம், வருகிறவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். நடுவில், மெத்தை வைத்த நாற்காலியில், கையில் மைக்குடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலைவர் முகம் அச்சடித்த புத்தம்புதுத் துணியில் தைத்த உடை, கழுத்தில் தடித்த மணிமாலை. பள்ளிக்கூட டீச்சர்களும் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த சிலரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"...அன்னைக்குக் காலையில நான் சந்தைக்குப் போனப்போ எனக்கு ஒண்ணுமே தெரியாது. இந்தத் துணியைத்தான் உடுத்தியிருந்தேன். மாசமா வேற இருந்தேன். கூட்டமா வந்தாங்க. 'தலைவர் மூஞ்சியை ஒடம்புல போட்டிருக்கியா, கழட்டு'ன்னாங்க. மாட்டேன்னேன். கிழிச்சாங்க. நட்டநடுச் சந்தையில, இத்தனை ஜனம் பாக்க, என்னைத் துணியில்லாம நிக்க வெச்சாங்க..." குரல் தழுதழுத்தது. "அந்தப் புள்ளை எனக்குத் தங்கலை. ஆனா தலைவரை நான் விட்டுக் குடுக்கலை."

சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓப்லிட்டே அம்மாள் பக்கத்துப் பெட்டியைக் காட்டினாள். "இதுதான் அந்த ரவிக்கை. இங்க உக்காந்திருக்கிற தாயி டெடே தன் கையால பத்திரமா வெச்சிருந்து நமக்குக் குடுத்தது."

லாமிலே எட்டிப் பார்த்தாள். தோள்பட்டை கிழிந்து, பழுப்பேறிய ஒரு ரவிக்கை. மார்பில் தலைவரின் பாதி முகம். இரண்டு பக்கமும் விலாவில், அந்தத் துணிக்குச் சம்பந்தமே இல்லாத நீலப் பட்டை வைத்து அகலமாக்கித் தைத்திருந்தது. "பாவம்மா" என்று அவள் திரும்பினாள்.

அம்மாவின் முகத்தை அவள் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. கோபத்தில் சிவந்து, கத்தி, கையை ஆட்டும் அம்மாவைத் தெரியும். இப்போது அமெர்லே கத்தவில்லை. உதடு சாம்பல் பூத்திருந்தது.

நடந்தது இதுதான்.

தலைவரின் ஆட்சி கவிழ்ந்தபோது அமெர்லேக்கு இருபத்து நாலு வயது. மக்கோலாச் சந்தையில் துணிக்கடை வைத்திருந்தாள். அடுத்த கடை டெடேயுடையது. இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒருத்தி வெளியே போனால் இன்னொருத்தி இரண்டு கடையையும் பார்த்துக்கொள்வாள். இரண்டு பேருமே கட்சி மகளிர் அணி. தலைவர் படம் போட்ட துணி வந்தபோது ஒரே சுருளிலிருந்து வெட்டி ஒரே மாதிரி தைத்துக்கொண்டார்கள். கூட்டங்களில் ஒன்றாகப் போய் ஆடினார்கள். அமெர்லேக்கு வயிறு தள்ளத் தொடங்கியதும் ரவிக்கை பற்றாமல் போயிற்று. தையல்காரனிடம் மிச்சமிருந்த நீலத் துணியை வைத்து விலாவில் விரித்துக்கொண்டாள்.

அந்தக் காலையில் அவள் அதை உடுத்தியது தலைவர்மேல் இருந்த பக்தியால் அல்ல. வயிற்றுக்கு ஏறும் ரவிக்கை அது ஒன்றுதான் காய்ந்திருந்தது. வீட்டில் ரேடியோ இல்லை. கணவன் லாரியோடு வெளியூரில். பட்டாளம் ஆட்சியைப் பிடித்த செய்தி விடியும்போதே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. தலைவரோ அப்போது நாட்டிலேயே இல்லை, எங்கோ கடல் கடந்து போயிருந்தார்.

டெடே மெயின் ரோட்டில் குடியிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது. தன் துணியை மாற்றிக்கொண்டு, வெற்றிக்குப் பூசும் வெள்ளைப் பொடியை முகத்திலும் கையிலும் அப்பிக்கொண்டு, ஆடிக்கொண்டு வந்த கூட்டத்தோடு சந்தைக்குள் நுழைந்தாள். கடை திறந்துகொண்டிருந்த அமெர்லே, சிநேகிதியைப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்பதற்காகச் சிரித்தாள்.

"இதோ நிக்கிறா பாருங்க ஒருத்தி! அந்தாள் மூஞ்சியை வயித்துல சுமந்துக்கிட்டு நிக்கிறா!"

அது டெடேயின் குரல். முதலில் பிடித்து இழுத்த கையும் அவளுடையதுதான். தோள்பட்டை கிழிந்து ரவிக்கை அவள் கையோடு போயிற்று. பிறகு எத்தனையோ கைகள். பாவாடை போயிற்று, உள்ளாடை போயிற்று. மேலெல்லாம் வெள்ளைப் பொடியைக் கொட்டினார்கள். லாரி நிலையம் வரை நடக்கவிட்டார்கள். வயிற்றை மறைப்பதா, மார்பை மறைப்பதா என்று தெரியாமல் இரண்டு கையையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாள். கை தட்டிச் சிரித்த சத்தத்தில் டெடேயின் சிரிப்பை அவளால் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. கடைசியில் வெங்காயம் விற்கும் வடக்கத்திப் பெண் ஒருத்தி, பேர்கூடத் தெரியாது, ஒரு சாக்கை உதறி அவள்மேல் போட்டாள். வெங்காயத்தோல் ஒட்டிய உடம்போடு வீட்டுக்கு வந்தாள். கடையில் இருந்த சுருள்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கட்சிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. எல்லோரும் ஒளிந்துகொண்டார்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டார்கள். கணவன் திரும்பி வந்ததும் அவனுடைய அம்மா சொன்ன முதல் வார்த்தை, "ஊரே பாத்த ஒடம்புடா அது." அவன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் லாமிலே பிறந்தாள். வருஷம் முடிவதற்குள் அவன் டக்கராடிக்கு வண்டி ஏறிவிட்டான்.

டெடே ஒரு போலீஸ் சார்ஜெண்டைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டாள். அமெர்லே மறுபடி சந்தையில் ஒரு சின்ன மேசை போட்டு, துண்டுத் துணி விற்றுத் தலையெடுத்தாள். பிறகு வேறொரு பட்டாளம் வந்தது. விலையேற்றத்துக்கு வியாபாரிப் பெண்கள்தான் காரணம் என்று சந்தையையே இடித்துத் தரைமட்டமாக்கியது. அதன்பின் துணியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து சோளமாவில் கை வைத்தாள். அந்தக் காலை நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் மறந்து தொலையட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

இப்போது அது மைக்கில் கேட்டது. வேறொருத்தியின் வாயிலிருந்து.

"ஏய் டெடே!"

கூட்டம் திரும்பியது. அமெர்லே முன்னால் இருந்தவர்களை முழங்கையால் தள்ளிக்கொண்டு போனாள்.

"புள்ளை தங்கலையா? எந்தப் புள்ளைடி தங்கலை?" மகளின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். "இதோ நிக்குது பாரு! தபால் ஆபீசுல வேலை பாக்குது. சீட்டிப் பாவாடை கட்டிக்கிட்டு நிக்குது. இதைச் சாகடிச்சுட்டியேடி பாவி, இத்தனை பேர் முன்னால!"

டெடேயின் வாய் திறந்தபடி நின்றது. முப்பது வருஷம் கழிந்திருந்தாலும் அவளுக்கு யாரென்று உடனே தெரிந்துவிட்டது. மைக்கைக் கீழே இறக்கினாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, சுற்றி இருந்தவர்களைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தாள். "பாவம், யாரோ மனசு சரியில்லாதவங்க. தண்ணி குடுங்க."

"மனசு சரியில்லாதவளா? நானா? அப்ப இதுக்குப் பதில் சொல்லு. கல்யாணத்துக்கு முன்னால உனக்கு ஏதுடி வயிறு? இந்த நீலப் பட்டை யாரோட வயித்துக்கு வெச்சது?"

"அம்மா, சண்டை வேணாம்" என்று ஓப்லிட்டே அம்மாள் நடுவில் வந்தாள். "இது புனிதமான இடம். தலைவர் படுத்திருக்கிற இடம்."

"அவரு படுத்திருக்காரு. நான் நின்னேன்! அம்மணமா நின்னேன்! இவ உருவிவிட்டா, நான் நின்னேன்! நீங்க யாரும் நிக்கலை!"

லாமிலே அம்மாவின் கையை விடுவித்துக்கொள்ள மறந்து அப்படியே நின்றாள்.

டெடே எழுந்துவிட்டாள். பயமும் ஆத்திரமும் சேர்ந்து அவள் முகம் வேர்த்துக் கொட்டியது. "என்னடி பெரிய இது பேசுற? நான் இழுக்கலைன்னா என்ன ஆயிருக்கும் தெரியுமா? குடிச்சிருந்தாங்க, கையில கத்தி வெச்சிருந்தாங்க! நான் அந்த ரவிக்கையை இழுத்ததாலதான் துணியை உருவினதோட விட்டாங்க! இல்லேன்னா உன் வயித்தைக் கிழிச்சிருப்பாங்க!"

மைக் அவள் கையில்தான் இருந்தது. அணைக்கவில்லை. 'கிழிச்சிருப்பாங்க' என்ற சொல் ஹாலின் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. சற்றுமுன் கண்ணைத் துடைத்த டீச்சர் கைக்குட்டையைப் பைக்குள் வைத்தாள்.

அமெர்லே இப்போது மெதுவாகப் பேசினாள். "அப்படியா. என்னைக் காப்பாத்தத்தான் இழுத்தியா."

"ஆமா."

"அப்ப எதுக்குடி கை கொட்டிச் சிரிச்ச?"

டெடே மைக்கின் பொத்தானைத் தேடி அணைத்தாள்.

அமெர்லே பெட்டியைப் பார்த்துத் திரும்பினாள். மேசைமேல் வைத்த கண்ணாடி மூடி, பூட்டு இல்லை. தூக்கினாள். ஓப்லிட்டே அம்மாள் அலறினாள், "தொடாதீங்க! அது சங்கத்துச் சொத்து! காவலாளி!"

சீருடை போட்ட இளைஞன் ஒருவன் ஓடி வந்தான். "அம்மா, வெளிய வாங்க. அதை வெச்சுட்டு வாங்க." கையை நீட்டினான்.

"தொடு பாக்கலாம்." அமெர்லேயின் ஒரு கை ரவிக்கையை அள்ளியிருந்தது. இன்னொரு கை இடுப்பு முடிச்சுக்குப் போயிற்று. "அன்னைக்கு ஊரு சேந்து அவுத்துச்சு. இன்னைக்கு நானே அவுக்கிறேன். உன்னைப் பெத்தவ வயசுடா எனக்கு. அவுத்து நின்னு ஒரு வார்த்தை சொல்றேன். அதைப் பாத்துட்டு எந்த ஆம்பளை உருப்படுறான்னு பாப்போம்!"

முடிச்சின் நுனி நெகிழ்ந்தது. காவலாளி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். "வேணாம் தாயி! வேணாம்! எனக்குப் புள்ளைங்க இருக்கு!" தாய் வயதுக்காரி தானே உடுப்பை உதறிச் சபித்தால் துப்பாக்கி வைத்திருப்பவனும் நிற்க மாட்டான். அங்கிருந்த ஆண்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் தேடினார்கள். கேமரா தூக்கிய வெளிநாட்டுக்காரன் ஒருவனை அவனுடைய டிரைவரே சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனான்.

வழி தானாகத் திறந்தது. அமெர்லே முடிச்சை இறுக்கிக்கொண்டு, ரவிக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வெளியே வெண்கலச் சிலைக்கு முன்னால் வந்ததும் நின்றாள். இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும்தான்" என்றாள். "போனவன் போனவன்தான். உன் மூஞ்சியை எங்க ஒடம்புல ஒட்டிவிட்டுட்டுப் போனியே, அது எங்களுக்கு என்ன செய்யும்னு ஒரு நிமிஷம் நெனச்சியா?"

லாமிலே அம்மாவின் தோளில் கை வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் லாமிலே தரையில் உட்கார்ந்து குலுங்கி அழுதாள். அமெர்லே அழவில்லை. "எதுக்குடி அழற? நீதான் நல்லா உள்ள இருந்தியே. வெளிய இருந்தவ நானு" என்று அதட்டினாள். அதட்டிவிட்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வெங்காயச் சாக்கைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தடுமாறியது.

அடுத்த நாள் ரவிக்கையைத் துவைத்துச் சந்தில் எல்லோரும் பார்க்கக் கொடியில் காயப்போட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். மீன் வாங்க வந்தவனுக்கும் சொன்னாள், தண்ணீர் பிடிக்க வந்தவளுக்கும் சொன்னாள். சங்கத்திலிருந்து ஓப்லிட்டே அம்மாள் ஆள் அனுப்பினாள். மேடையில் நாற்காலி போடுகிறோம், மாலை போடுகிறோம், உங்கள் பெயரிலேயே அட்டை எழுதி வைக்கிறோம், ரவிக்கையை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று.

"என் பேரை எழுதி, என் வெக்கத்தைப் பக்கத்துல மாட்டி வெச்சு, ஊரு வந்து பாக்கணுமா? போய் உங்க அம்மணியோட ரவிக்கையைக் கழட்டி வைக்கச் சொல்லு" என்று விரட்டினாள். பிறகு மடித்து லாமிலேயின் கையில் கொடுத்தாள். "உன்னோடது. வெச்சுக்கிறதோ எரிக்கிறதோ உன் இஷ்டம்." லாமிலே தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து டெடே வந்தாள். சமாதானத்துக்கு ஊற்றும் ஜின் ஒரு பாட்டில் கையில் இருந்தது, பேசித் தர இரண்டு பெரிய மனிதர்களும் கூட வந்தார்கள். அமெர்லே மாவு கிளறிக்கொண்டிருந்தாள். துடுப்பைக் கையிலிருந்து விடவில்லை. பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "தாயி, நடந்தது நடந்துபோச்சு..."

"ஐயா, நடந்தது எனக்கு. போச்சுன்னு சொல்ல நீங்க யாரு? உக்காருங்க, கென்கே சாப்பிடுங்க. பேச வேண்டியது அவ."

டெடே நின்றுகொண்டே பேசினாள். இப்போது மணிமாலை இல்லை. "நான் பயந்தேன் அமெர்லே. எங்கிட்டயும் அதே துணி இருந்தது எல்லாருக்கும் தெரியும். என்னையும் புடிப்பாங்கன்னு பயம். உன்னைக் காட்டிட்டா என்னை விட்டுடுவாங்கன்னு..."

"ம்."

"ஆனா நீயும் ஒண்ணு யோசி. இத்தனை வருஷம் நீ வாயே தொறக்கலை. நான் சொல்லாட்டி அந்த நாளு நடந்ததே யாருக்குத் தெரியும்?"

அமெர்லே கிளறுவதை நிறுத்தினாள். "அது என் வெக்கம்டி. வாயைத் தொறக்குறதும் மூடுறதும் என் இஷ்டம். கடையைத் திருடின, சரி. துணியைத் திருடின, சரி. திருடுறதுக்கு இந்த உலகத்துல வேற பொருளே கிடைக்கலையா உனக்கு? என் வெக்கத்தையுமா எடுத்துக்கிட்டுப் போவ?"

பெரியவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"இப்ப சொன்னியே, பயந்தேன்னு. அதைப் போய்ச் சொல்லு. அதே நாற்காலியில உக்காந்து, அதே மைக்குல, பயத்துல சிநேகிதியைக் காட்டிக் குடுத்தேன், கை கொட்டிச் சிரிச்சேன்னு சொல்லு. சொல்லிட்டு வா. இந்தப் பாட்டிலைத் தொறந்து நானே ரெண்டு பேருக்கும் ஊத்துறேன்."

டெடே தலையை ஆட்டினாள். "அது முடியாது அமெர்லே" என்றாள். அது உண்மையாகத்தான் இருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. நாலைந்து வருஷம் கழித்து டெடே இறந்துபோனாள். செய்தி சந்துக்கு வந்தபோது அமெர்லே மாவைக் கிளறிக்கொண்டே இருந்தாள். சவ அடக்கத்தன்று மட்டும் துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். நடுவரிசையில், பாதையோரமாக உட்கார்ந்தாள். எழுந்து நிற்க வசதியான இடம்.

இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை மருமகள் முறையில் ஒருத்தி படித்தாள். எங்கே பிறந்தாள், எந்தப் பள்ளியில் படித்தாள், மக்கோலாச் சந்தையில் நேர்மையான வியாபாரியாக இருந்தாள் என்றெல்லாம். அமெர்லே முன்னிருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "...அதன் பிறகு திருமணமாகி, கணவருடன் வடக்கே சென்று, அங்கே சர்ச்சுப் பாடகர் குழுவில்..." என்று படிப்பு மேலே போய்விட்டது. அந்தக் காலையைப் பற்றி ஒரு வரி இல்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

சாப்பாட்டுக்கு நிற்காமல் அமெர்லே வெளியே வந்தாள். வெயிலில் வேகமாக நடந்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா" என்றாள் லாமிலே. "இனிமேலாவது மனசு ஆறுமா உனக்கு?"

"என்னத்தை ஆறும்?" அமெர்லே நடையை நிறுத்தாமலே சொன்னாள். "பொய்யைச் சொன்னா எழுந்து கத்தலாம்னு போனேன். உண்மையைச் சொன்னா உக்காந்து அழலாம்னு போனேன். ரெண்டையும் சொல்லாம மொத்தமா முழுங்கிட்டாளுங்கடி!"

அவள் குரலுக்குத் தெருவில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.